கயாவுக்குப் போகிறவர்கள் புத்தகயாவில் ஓர் இரவு தங்குங்கள்

காசி, கயா யாத்திரை போகும் நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் புத்தகயாவையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். விஷ்ணுபாதத்தில் பிண்டம் வைத்து, அட்சயவடத்தில் காய், பழம் விட்டு முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். சாப்பிட்ட கையோடு வண்டியில் ஏற்றி, புத்தகயாவின் மகாபோதி கோயில் பக்கத்தில் இறக்கி, "ஒரு மணி நேரத்தில் வந்துவிடுங்கள், ரயிலுக்கு நேரமாகிவிடும்" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். மீதியில் கோபுரத்தையும் மரத்தையும் கூட்டத்தையும் பார்க்கலாம். அங்கே விடியலிலிருந்து இரவு வரை என்னென்ன நடக்கிறது என்பது கண்ணில் படாது.

அப்பாவின் வருஷாப்திகம் முடிந்து, டிசம்பர் கடைசியில் அம்மாவையும் சித்தியையும் கயா சிராத்தத்துக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கும் யாத்திரை ஏற்பாட்டாளர் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் ஒதுக்கியிருந்தார். கயாவோடு அவர் ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, புத்தகயாவில் நாங்களே அறை எடுத்துத் தங்கினோம். எழுபதைத் தாண்டிய இரண்டு பெண்களோடு எப்படிச் சமாளிப்போம் என்ற யோசனை இருந்தது. சமாளிக்கக் கஷ்டமே இல்லை. கயா ரயில் நிலையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும். கோயிலை நெருங்கும் கடைசித் தூரத்துக்கு மட்டும் பெரிய வண்டிகளை விடுவதில்லை. அங்கே பேட்டரி ரிக்‌ஷா ஓடுகிறது.

வழியில் ஆற்றைக் காட்டினேன். புத்தகயாவை ஒட்டி ஓடும் நிரஞ்சனா, கொஞ்ச தூரம் போய் மோகனா ஆற்றோடு சேர்ந்து, பல்கு என்ற பெயரில் கயாவுக்குப் போகிறது. முந்தின நாள் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட அதே ஆறு. அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வெறும் மணலாகக் கிடந்த அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அப்ப புத்தர் குளிச்ச தண்ணிதான் அங்க வருதா" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதன் பிறகு புத்தகயா அவருக்கு வேறு மதத்துக் கோயிலாகத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

மகாபோதி கோயில் காலை 5 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்குச் சாத்துகிறார்கள். போக வேண்டிய நேரம் இரண்டு: திறந்ததும் ஒன்று, இருட்டிய பின் ஒன்று. நடுப்பகல் சுற்றுலாக் கூட்டத்தின் நேரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை குளிர் எலும்பைத் தொடும். செருப்பு போட முடியாது, தளம் முழுக்கச் சலவைக் கல். ஆனால் காலுறை போட்டுக்கொள்ளலாம். கனமான கம்பளிக் காலுறையாக ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். பனியில் ஒன்று ஈரமாகிவிடும். உட்கார ஒரு சின்னப் பாயோ மடித்த போர்வையோ இருந்தால் வயதானவர்கள் மணிக்கணக்கில் இருக்கலாம். மாலையில் கொசு உண்டு.

செல்போனை உள்ளே விடமாட்டார்கள். 2013 ஜூலையில் கோயில் வளாகத்துக்குள்ளேயே குண்டுகள் வெடித்தன. அதிலிருந்து காவல் கடுமை. வெளியே போனை ஒப்படைக்க இடம் இருக்கிறது. போனைக் கொடுப்பதற்கு முன்பே, பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வாசலில் படி இறங்கும் இடத்தை நாங்கள் குறித்துக்கொண்டோம். மரத்தடியைக் குறிக்காதீர்கள், அங்கே எப்போதும் கூட்டம். தங்கும் விடுதியின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுவதும் நல்லது. போன் இல்லாதது எனக்குப் பெரிய வரமாகவே பட்டது. யாரும் படம் எடுக்காத ஒரு பெரிய கோயிலில் நின்று எவ்வளவு காலமாயிற்று! கேமரா வேண்டுமென்றே இருப்பவர்கள் கட்டணம் கட்டி எடுத்துப் போகலாம்.

வாசலில் நின்று பார்த்தால் கோயில் பள்ளத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள நிலம் நூற்றாண்டுகளாக மேடேறியதில் கோயில் சுமார் 5 மீட்டர் கீழே போய்விட்டது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்தப் படிகள்தான் சிரமம், கைப்பிடித்து மெல்ல இறக்குங்கள். மூடுபனியில் முதலில் தெரிந்தது உச்சியின் பொன் கலசம்தான். 2013இல் தாய்லாந்து மன்னரும் பக்தர்களும் கொடுத்த பொன்னால் வேய்ந்தது, சுமார் 290 கிலோ. அதன் கீழே 50 மீட்டருக்கு மேல் எழும் செங்கல் கோபுரம், 5, 6ஆம் நூற்றாண்டு வேலை. கருங்கல் கோபுரம் பார்த்தே பழகிய நமக்கு அத்தனை பெரிய பழைய கட்டடம் செங்கல்லால் நிற்பது ஆச்சரியம். 7ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் இதன் உயரத்தை 160, 170 அடி என்று குறித்து வைத்தார். இன்று அளந்தாலும் ஏறக்குறைய அதேதான். பழுது பார்க்க பர்மாவிலிருந்து பல நூற்றாண்டுகளில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கடைசியாக 1880களில் தொல்லியல் அறிஞர் கன்னிங்ஹாம் மேற்பார்வையில் நடந்த பெரிய திருப்பணியில்தான் இப்போது நாம் பார்க்கும் வடிவம் வந்தது.

கருவறையில் புத்தர் கிழக்கு நோக்கி, வலது கையால் பூமியைத் தொட்டு உட்கார்ந்திருக்கிறார். பால வம்ச மன்னர் காலத்துக் கருங்கல் சிலை, மேலே பொன் பூச்சு. பக்தர்கள் கொண்டு வரும் சீவரத்தை, அதாவது பிட்சுகள் உடுத்தும் காவி ஆடையை, வாங்கிச் சாத்துகிறார்கள். எங்கள் முன்னால் ஒரு தாய்லாந்துக் குடும்பம் மடித்த காவித் துணியைத் தலைக்கு மேல் ஏந்தி நின்றது. பாட்டி, மகள், பேத்தி மூவரும் துணியில் ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தார்கள். பிட்சு அதை வாங்கிச் சிலையின் தோளில் சாத்தியதும் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தி, "பெருமாளுக்கு வஸ்திரம் சாத்தற மாதிரியே" என்றார். இங்கே வரிசை நிற்காமல் நகரும். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நிதானமாக இருக்க வேண்டிய இடம் கோயிலின் பின்புறம்.

பின்புறம், அதாவது மேற்கில்தான் போதி மரம். மரத்துக்கும் கோயில் சுவருக்கும் நடுவே வஜ்ராசனம், அசோகர் வைத்த மெருகேற்றிய கல் பலகை. புத்தர் ஞானம் பெற உட்கார்ந்த இடமாகப் போற்றப்படுவது இதுதான். மரம் நம் அரச மரம். அம்மா யாரும் சொல்லித் தராமலே வலம் வரத் தொடங்கிவிட்டார். ஊரில் பிள்ளையார் மேடை அரச மரத்தைச் சுற்றிய கால்கள் அல்லவா. இங்கேயும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாக நடப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் மரபு தெரிந்தவர்களுக்கு உறுத்தும். கோயிலை ஒட்டி உள் சுற்று, அதற்கு வெளியே நடுச் சுற்று, மேட்டின் மேல் வெளிச் சுற்று என்று மூன்று பாதைகள் உண்டு. உள் சுற்றில் நெரிசல் அதிகம். பெரியவர்களுக்கு வெளிச் சுற்று சுகம். மேலிருந்து பள்ளத்தில் உள்ள கோயில் முழுதும் தெரியும்.

இப்போதுள்ள மரம் புத்தர் காலத்து மரம் அல்ல. 1876 புயலில் விழுந்த மரத்தின் இடத்தில் 1881இல் நட்டது. மூல மரத்தின் கிளையை அசோகரின் மகள் சங்கமித்திரை இலங்கைக்குக் கொண்டுபோன வரலாறு உண்டல்லவா, அந்த அனுராதபுரத்து மரம் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றும் நிற்கிறது. தாய் விழுந்து போய், மகள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறாள். இதை எங்களுக்குச் சொன்னது கண்டியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். வெள்ளை உடையில் முப்பது நாற்பது பேராக இலங்கை யாத்திரிகர்கள் உட்கார்ந்து பாலி மொழியில் ஓதிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு அந்த அம்மாள் திரும்பி, "வாங்க அக்கா, இருங்க" என்று தன் விரிப்பில் அம்மாவுக்கு இடம் கொடுத்தார். தமிழ் கடைத்தெருவில் கற்றது என்றார். இந்தப் பயணத்துக்காகப் பல வருஷம் காசு சேர்த்ததைச் சொன்னபோது, "நாங்க ரெண்டு பேரும் அதேதான்" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஓதல் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கூட்டமே "சாது, சாது, சாது" என்றது. மூன்றாவது முறை அம்மாவும் சொன்னார்.

இலை விஷயம் சொல்ல வேண்டும். மரத்திலிருந்து இலை பறிக்கக் கூடாது. தானாக உதிரும் இலையைத்தான் எடுத்துக்கொள்ளலாம், அதற்காக அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள். ஒரு பழுத்த இலை சுழன்று இறங்கியதும் பத்துக் கைகள் நீண்டன. கிடைத்தது ஒரு பர்மிய இளைஞனுக்கு. அவன் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான், பிறகு பக்கத்தில் நின்ற கிழவரிடம் கொடுத்துவிட்டான். வெளியே கடைகளில் பதப்படுத்திய இலைகள் விற்கிறார்கள். வீட்டுக்கு வாங்குவதில் தப்பில்லை, ஆனால் இந்த மரத்து இலைதான் என்று சொல்வதை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள்.

கோயிலைப் புரிந்துகொள்ள எங்களுக்கு உதவியது ஏழு வாரக் கணக்கு. ஞானம் பெற்ற பிறகு புத்தர் ஏழு வாரம் இந்த இடத்தைச் சுற்றியே இருந்தார் என்பது மரபு. ஒவ்வொரு வாரத்துக்கும் வளாகத்தில் ஓர் இடம் குறித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி தேவையில்லை, பலகைகளைப் பார்த்து வரிசையாகப் போகலாம். முதல் வாரம் மரத்தடி. இரண்டாவது, மேட்டில் உள்ள அனிமேஷலோசனம். தனக்கு நிழல் கொடுத்த மரத்தைக் கண் இமைக்காமல் ஒரு வாரம் நன்றியோடு பார்த்துக்கொண்டு நின்ற இடம். அங்கே சித்தி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவுக்கு வந்த நோயில் கடைசி வருஷங்கள் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டவர் சித்தி; நாங்கள் யாரும் அவருக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. அந்தப் பலகையைப் படித்துச் சொன்னபோது, "ஒரு மரத்துக்கே ஒரு வாரமா" என்று மட்டும் கேட்டார். நான் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், வடக்குச் சுவரை ஒட்டிய ரத்ன சங்க்ரமணம். புத்தர் முன்னும் பின்னும் நடந்த தடத்தில் கல் தாமரைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் மேல் தினமும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். நான்காவது ரத்னகிருகம், ஐந்தாவது கிழக்கு வழியில் தூணால் குறித்த ஆலமரத்தடி. ஆறாவது வாரத்துக்குத் தெற்கே குளத்தில் முசலிந்த நாகம் படம் விரித்துப் புத்தரை மழையிலிருந்து காக்கும் சிலை. சிலை அழகுதான், ஆனால் அந்த ஊரார் உண்மையான முசலிந்தக் குளம் என்று காட்டுவது தெற்கே மோச்சாரிம் கிராமத்தில். நேரமும் ஆட்டோவும் இருந்தால் போய்வாருங்கள், அங்கே கூட்டமே இல்லை. ஏழாவது ராஜாயதன மரத்தடி, இரண்டு வணிகர்கள் புத்தருக்கு மாவுருண்டையும் தேனும் கொடுத்த இடம். தபுஸ்ஸர், பல்லிகர் என்ற அவர்கள் பெற்றுப்போன கேசம்தான் யாங்கோனின் ஷ்வேடகோன் பகோடாவில் இருப்பதாக பர்மியர்கள் நம்புகிறார்கள். பர்மியக் குழுக்கள் அந்த மரத்தடியில் ஏன் அவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பது இதைத் தெரிந்த பின்தான் விளங்கியது.

குளிர்காலத்தில் போவதன் பெரிய பலன் திபெத்தியர்கள். டிசம்பர், ஜனவரியில் அவர்களுடைய மோன்லம் பிரார்த்தனைக் கூட்டங்கள் இங்கே நடக்கின்றன. மரங்களுக்குக் கீழே, ஸ்தூபிகளுக்கு நடுவே, ஆள் நீளப் பலகைகளைப் போட்டு நாள் முழுக்க விழுந்து வணங்குகிறார்கள். ஒரு மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். கைகூப்பி உச்சி, தொண்டை, நெஞ்சு என்று தொடுகிறார். முட்டி படும் இடத்தில் ஒரு பழைய மெத்தைத் துண்டு. உள்ளங்கைக்குக் கீழே தைத்த துணித் திண்டு இரண்டு. குனிந்து திண்டில் கையை ஊன்றினால் 'சர்ர்' என்று பலகையில் வழுக்கிக்கொண்டு உடம்பு முழுதும் நீள்கிறது, நெற்றி தொடுகிறது, அதே வழுக்கலில் கை திரும்பி வருகிறது. பலகை கை பட்டுப் பட்டுக் கண்ணாடியாக மின்னியது. விரலில் மாட்டிய மணிமாலையில் ஒரு மணி நகரும். மறுபடி எழுவார். ஒரு லட்சம் முறை செய்வது அவர்கள் மரபில் ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று. ஆரம்பம்! நடுவே நிறுத்தி, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி அம்மாவுக்கும் ஒரு மூடியில் கொடுத்தார். அம்மா தன் முட்டியைத் தொட்டுக் காட்டி வலிக்காதா என்று சைகையில் கேட்டார். அந்தப் பாட்டி சிரித்து, கையை விரித்து, கோபுரத்தைக் காட்டினார்.

இப்படி வணங்குகிறவர்களின் தலைமாட்டில் குறுக்கே நடக்காதீர்கள், பின்னால் சுற்றிப் போங்கள். பிரித்து வைத்த சுவடிகளைத் தாண்டக் கூடாது. சிலையை நோக்கிக் கால் நீட்டி உட்காருவது, குறிப்பாகத் தாய்லாந்து, இலங்கைக்காரர்களிடையே, மரியாதைக் குறைவு. இதெல்லாம் நம் வீட்டுப் பழக்கமும்தான், ஆனால் கூட்டமாகப் போகும்போது மறந்துவிடுகிறோம். குழுவாக வந்த நம்மவர்கள் சிலர் தியானத்தில் இருப்பவர்களுக்கு நடுவே உரக்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. பையில் சூடம் எடுத்துப் போவதும் வேண்டாம், மரத்தடியில் ஏற்ற விடமாட்டார்கள். நெய் விளக்கு ஏற்றத் தனியாகக் கண்ணாடி அறைகள் கட்டியிருக்கிறார்கள். புகையும் சூடும் மரத்துக்கும் பழைய செங்கல்லுக்கும் ஆகாது என்பதால் இந்த ஏற்பாடு. இருட்டிய பின் அந்த அறைகளைப் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் சுடர்கள், உள்ளே போனால் முகம் சுடும். காணிக்கைக்குப் பூவே போதும், வாசலில் தாமரை கிடைக்கிறது.

இந்தக் கோயிலின் நிர்வாகம் நூறு வருஷத்துக்கு மேலான வழக்கு. 1891இல் இங்கே வந்த இலங்கையின் அனகாரிக தர்மபாலர், சைவ மடத்துத் தலைவரான மகந்தின் பொறுப்பில் கோயில் இருந்ததைக் கண்டு மனம் நொந்து, அதே வருஷம் மகாபோதி சங்கத்தைத் தொடங்கினார். 1949 சட்டத்தின்படி இந்துக்கள் நால்வர், பௌத்தர்கள் நால்வர், தலைவராக மாவட்ட ஆட்சியர் என்று ஒரு குழு இப்போது நடத்துகிறது. முழுப் பொறுப்பும் பௌத்தர்களிடம் வேண்டும் என்று 2025இல் பிட்சுகள் நெடுநாள் போராட்டம் நடத்தினார்கள். நமக்கு விஷ்ணுபாதம் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. நாம் அங்கே விருந்தாளி என்ற நினைப்போடு நடந்துகொள்வதுதான் முறை என்பது என் கருத்து.

பகல் நேரத்தை மற்ற நாட்டு மடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். தாய்லாந்து, ஜப்பான், பூட்டான், வியட்நாம், திபெத் என்று ஒவ்வொரு நாடும் தன் பாணியில் கட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க அலைய வேண்டாம். தாய் மடமும் பூட்டான் மடத்துச் சுவர்ச் சிற்பங்களும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. பல மடங்களை மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை சாத்திவிடுவார்கள். 80 அடிப் பெரிய புத்தர் சிலை 1989இல் வைத்தது, கால் மணி நேரம் போதும்.

அதைவிட, ஆற்றைத் தாண்டி பக்ரோர் கிராமத்தில் உள்ள சுஜாதா ஸ்தூபிக்குப் போங்கள். உடம்பை வாட்டிய தவத்தால் எலும்பும் தோலுமாக இருந்தவருக்குப் பாற்சோறு கொடுத்த பெண்ணின் நினைவாக எழுந்த செங்கல் மேடு. வயலும் எருமையும் வறட்டி தட்டிய சுவர்களும் சுற்றிலும் இருக்கின்றன. புத்தர் கதையில் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனவள் சுஜாதாதான். "பசியோட இருந்தவனுக்குச் சோறு போட்டாளே, அப்புறம்தானே ஞானம்" என்று ஊர் வந்த பிறகும் எல்லோரிடமும் சொல்கிறார். அந்த வழியில் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை என்று கூடவே நடந்து வருபவர்கள் இருப்பார்கள். சாலையில் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். தானம் செய்ய மனம் இருந்தால் கோயிலிலோ மடத்திலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் குளிர்காலத்தில் திபெத்தியர் போடும் கூடாரக் கடைகளில் சுடச்சுட துக்பா என்ற நூடுல்ஸ் சூப் கிடைக்கும். காய்கறி மட்டும் போட்டுத் தரச் சொன்னால் தருவார்கள். அம்மாவும் சித்தியும் ரொட்டி, பருப்போடு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வாங்க கயாவின் தில்குட், எள்ளும் வெல்லமும் இடித்தது, நாள்பட இருக்கும்.

பயணத் திட்டம் போடும்போது மூடுபனியைக் கணக்கில் எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது சகஜம்; கயாவிலிருந்து போய் வழியில் இறங்கி அடுத்த ரயில் பிடிப்பதாக இருந்தால் நடுவே அரை நாளாவது விட்டு முன்பதிவு செய்யுங்கள். அக்டோபர், நவம்பரிலோ பிப்ரவரியிலோ போனால் பனித் தொல்லை குறைவு. மே மாத புத்த பூர்ணிமா பெரிய விழா, ஆனால் கயா வெயிலில் பெரியவர்களை அழைத்துப் போக நான் சொல்லமாட்டேன். விடிகாலை ரயில் என்றால் கயா போக வண்டியை முந்தின மாலையே பேசி வைத்துவிடுங்கள், விடுதிக்காரரிடம் சொன்னால் ஏற்பாடு செய்து தருவார்.